கட்டினாரா? பாக்கியா?

மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு கணினியில் இருக்கிறது. மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும். பாக்கி உள்ளவருக்குக் கடன் இல்லை.

கட்டிய பணம் பி2 கட்டத்தில் இருக்கிறது. சி2 கட்டத்தில் இப்படி எழுதினார்கள்:

=இஃப்(பி2>100,"சரி","பாக்கி")

(இஃப், பி இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்.)

முதலில் இருப்பது நிபந்தனை. அது பொருந்தினால் "சரி" என்று வரும். பொருந்தாவிட்டால் "பாக்கி" என்று வரும்.

ஓர் அக்கா சரியாக 100 ரூபாய் கட்டினார். "பாக்கி" என்று வந்தது! ஏன்?

> என்றால் "அதைவிட அதிகம்". 100, 100-ஐவிட அதிகம் இல்லையே!

>= என்று மாற்றுங்கள். "100 அல்லது அதற்கு மேல்" என்று பொருள். இப்போது "சரி" வரும். அக்காவுக்குக் கடனும் கிடைக்கும்.

எழுதியதைத்தான் கணினி செய்யும். எழுதியதை நாம் படித்துப் பார்ப்போம்.

பயிற்சி: 99, 100, 101. மாற்றிய பிறகு எதற்குப் "பாக்கி" வரும்?