மூட்டாத நெருப்பு

நுழையும்முன்

கோடைக்காலத்தில் மலைக்காடுகளுக்குச் சென்று, கூடாரம் அமைத்துத் தங்குவது இன்று பல குடும்பங்களின் விருப்பமாக உள்ளது. காட்டிற்குச் செல்வோர்க்கு அஃது ஓர் இரவு தங்குமிடம். அதன் அருகில் வாழ்வோர்க்கோ ஆண்டு முழுவதும் வாழ்வளிக்கும் இடம். இவ்வேறுபாட்டை ஒரு கற்பனைக் குடும்பத்தின் பயணத்தின் வழியே இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பயணம்

தருமபுரியிலிருந்து பணி மாறுதலாகி டேராடூனுக்கு வந்த அந்தக் குடும்பத்திற்கு அதுவே முதல் கோடை விடுமுறை. பத்து வயது யாழினியும் ஆறு வயது கதிரும் காட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று பல நாள்களாகக் கேட்டுவந்தனர். கதிருக்குக் கூடாரத்தைவிட மற்றொன்றின் மீதே நாட்டம் மிகுதி. நள்ளிரவில் காட்டின் நடுவே நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து கதை பேச வேண்டும் என்பதே அவனது கனவு. "கட்டாயம் மூட்டுவோம்" என்று தந்தையும் வாக்களித்திருந்தார்.

மே மாத இறுதியில் ஒருநாள் விடியற்காலையில் அவர்கள் புறப்பட்டனர். ஹரித்துவார், நஜிபாபாத் வழியாக மலையடிவார நகரமான கோட்துவாரை அடைந்தனர். அதுவரை சமவெளியில் ஓடிய சாலை, அங்கிருந்து கோஹ் ஆற்றின் கரையோரமாக மலைக்குள் நுழைந்தது. துகட்டா என்னும் சிற்றூரைக் கடந்து மேலே ஏறியதும் காட்சி மாறியது. நெடிதுயர்ந்த பைன் மரங்கள் சரிவெங்கும் நின்றன. காற்று வீசும்போதெல்லாம் தொலைவில் ஆறு ஓடுவது போன்ற ஓசை எழுந்தது. "ஆறு எங்கே அப்பா?" என்று கதிர் கேட்டான். அந்த ஓசை ஆற்றினுடையது அன்று, மரங்களினுடையது.

ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த லான்ஸ்டவுன் நகருக்கு அருகில், ஒரு மலையூரின் எல்லையில் அவர்கள் தங்குவதற்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. அது பயிரிடப்படாமல் விடப்பட்ட ஒரு படிக்கட்டு வயல். அதன் மூன்று பக்கங்களிலும் காடு சூழ்ந்திருந்தது. தந்தையும் யாழினியும் முளையடித்துக் கூடாரத்தை நிறுத்தினர். தாய், கூடாரத்தைச் சுற்றிக் கிடந்த சருகுகளைப் பெருக்கி ஒதுக்கினார். கதிரோ பைன் மரத்தின் கூம்புகளையும் உலர்ந்த சுள்ளிகளையும் பொறுக்கிவந்து ஒரு குவியலாக அடுக்கினான். மாலைக்குள் குவியல் அவனது இடுப்பளவு உயர்ந்துவிட்டது.

மூன்று ஊசிகள்

புல் அறுக்கச் சென்று திரும்பிய மூதாட்டி ஒருவர் அந்தக் குவியலைக் கண்டு நின்றார். முதுகில் புற்கட்டு, இடுப்பில் அரிவாள். அவர் கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கதிரின் அருகில் அமர்ந்து இந்தியில் பேசினார்.

"இவ்வளவும் நீயே சேர்த்தாயா, குழந்தாய்?"

"ஆம் பாட்டி. இரவில் நெருப்பு மூட்டப் போகிறோம்."

பாட்டி சினம் கொள்ளவில்லை. தரையிலிருந்து ஒரு சருகை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "இதில் எத்தனை ஊசிகள் உள்ளன, எண்ணிப் பார்" என்றார். ஒரே காம்பில் மூன்று ஊசிகள் இணைந்திருந்தன. ஒவ்வொன்றும் அவனது முழங்கையளவு நீளம்.

"இம்மரத்தைச் சீட் என்போம். இந்தச் சருகைப் பிருல் என்போம். கோடையில் இது மலையெங்கும் மெத்தைபோல் உதிர்ந்து கிடக்கும். இதில் பிசின் உண்டு. ஒரு தீப்பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். எரிகின்ற தீ மலைச்சரிவில் மேல்நோக்கியே விரைந்து ஓடும். கீழே எரியும் வெப்பம் மேலே கிடக்கும் சருகுகளை முன்னதாகவே காயவைத்துவிடுகிறது. அப்படியானால் கீழ்ப்பகுதியில் இருப்போர்க்கு ஆபத்து இல்லை என்று எண்ணாதே. நீ அடுக்கிவைத்திருக்கிறாயே, இந்தக் கூம்புகள் தீப்பற்றியபடியே கீழ்நோக்கி உருளும். உருண்டு நிற்கும் இடத்தில் புதிய தீ பிறக்கும்."

"பைன் மரங்கள் எல்லாம் எரிந்துவிடுமா, பாட்டி?" என்று யாழினி கேட்டாள்.

"வளர்ந்த சீட் மரத்தின் பட்டை தடிமனானது. அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பாஞ்ச் என்னும் ஓக் மரத்தின் இளங்கன்றுகள்தாம் மடிந்துபோகும். பாஞ்ச் மரக்காடு மழைநீரை மண்ணில் தேக்கிவைக்கும். அக்காட்டின் கீழேதான் எங்கள் ஊற்று இருக்கிறது. என் மாட்டுக்குத் தழையும் அங்கிருந்தே வருகிறது. பாஞ்ச் போனால் தண்ணீர் போகும்; தண்ணீர் போனால் நாங்கள் எங்கே போவோம்?"

கதிரின் கண்கள் நிறைந்தன. அவன் தந்தையை நோக்கி, "நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே அப்பா!" என்றான்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகனின் முன் மண்டியிட்டு அமர்ந்தார். "கொடுத்தேன் கதிர். அப்போது இந்த மலையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாமல் கொடுத்தது என் பிழை. அதற்காக நீ என்மீது வருத்தப்படலாம். ஆனால், தெரிந்த பிறகும் நெருப்பு மூட்டினால் அது பெரும்பிழையாகிவிடும்" என்றார்.

பாட்டி எழுந்து, வயலையும் காட்டையும் பிரிக்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். "இதில் விழுந்த பிருலை இன்று கூட்டித் தள்ள வேண்டும். எனக்கு ஆள் குறைவு. வருகிறீர்களா?" என்று கேட்டார். பல் வைத்த மரவாரிகளைக் கொண்டு நால்வரும் பாட்டியுடன் சேர்ந்து பாதையைத் துடைத்தனர். சேர்ந்த சருகு மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாயிற்று. கதிரின் குவியலும் பாட்டியின் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. அங்கே அடுப்பெரிக்க அது பயன்படும்.

இருளின் கொடை

இரவு உணவு பாட்டியின் வீட்டிலிருந்து வந்தது. கருநிற ரொட்டியைப் பிட்டு வாயிலிட்ட தாய், "இது நம் ஊர்க் கேழ்வரகு அல்லவா!" என்று வியந்தார். அங்கு அதனை மண்டுவா என்று அழைக்கின்றனர். தருமபுரியில் களியாக உண்பது இமயமலையில் ரொட்டியாக வந்திருந்தது.

உணவுக்குப்பின் கைவிளக்கையும் அணைத்தனர். முதலில் கதிர் தாயை ஒட்டிக்கொண்டான். சற்று நேரத்தில் கண்கள் இருளுக்குப் பழகின. வானில் அவன் அதுவரை கண்டிராத அளவு விண்மீன்கள் தோன்றின. வடதிசையில் ஏழு மீன்கள் ஓர் அகப்பையின் வடிவில் நின்றன. "அவற்றைச் சப்தரிஷி மண்டலம் என்பார்கள். பழந்தமிழில் எழுமீன் என்பது அதன் பெயர்" என்றார் தாய். எங்கோ கேளையாடு ஒன்று நாய் குரைப்பது போலக் கத்தியது. காட்டின் உள்ளிருந்து ஒரு பறவை நான்கு ஒலிகளாய் மீண்டும் மீண்டும் கூவியது. அது இந்தியக் குயில். அக்குரலை அம்மலைமக்கள் "காஃபல் பாக்கோ" என்று கேட்கின்றனர். காஃபல் என்னும் காட்டுப்பழம் பழுத்துவிட்டது என்பது அதன் பொருள்.

"நெருப்பு எரிந்திருந்தால் நாம் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்" என்றாள் யாழினி. கதிர் மறுமொழி கூறவில்லை; அவன் எண்ணிக்கொண்டிருந்த விண்மீன்களின் கணக்கு தவறிவிடும் அல்லவா?

எதிர்மலையில் ஒரு கோடு

நள்ளிரவை நெருங்கும் வேளையில் புகை நாற்றம் வந்தது. தந்தை வெளியே வந்து பார்த்தார். பள்ளத்தாக்கிற்கு அப்பால், எதிர்மலையின் சரிவில் சிவந்த கோடு ஒன்று மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. ஊருக்குள் குரல்கள் எழுந்தன. ஆண்களும் பெண்களுமாகப் பலர் பச்சைத் தழைக்கிளைகளை ஏந்தி இறங்கினர். அவர்களுள் பாட்டியும் இருந்தார்.

"நானும் வருகிறேன், அம்மா" என்றார் தந்தை.

"வேண்டாம் மகனே. தீ எப்பக்கம் திரும்பும் என்று அறியாதவர் அங்கு வந்தால், தீயோடு சேர்த்து அவரையும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வனத்துறைக்குச் செய்தி சொல்லியாயிற்று. நீங்கள் பிள்ளைகளுடன் இருங்கள். காலணிகளை அணிந்துகொள்ளுங்கள். காரின் முகப்பைச் சாலையை நோக்கித் திருப்பி வையுங்கள்" என்று கூறிவிட்டு அவர் இருளில் மறைந்தார்.

அவ்வாறே செய்தனர். நால்வரும் பெருக்கிய வயலின் நடுவே போர்வை போர்த்தி அமர்ந்திருந்தனர். மாலையில் குழந்தைகள் கேட்ட கதையை அப்போது எவரும் சொல்லவில்லை. எதிர்மலையின் கோடு சில இடங்களில் அணைந்தது. வேறு சில இடங்களில் மூண்டது. கோட்டின் நடுவிலிருந்து சிறுபொறி ஒன்று பிரிந்து கீழ்நோக்கி உருண்டது. கதிர் யாழினியின் கையை இறுகப் பற்றி, "அக்கா, அது கூம்பு" என்றான்.

விடியற்பொழுதில் சிவப்பு முற்றிலும் மறைந்தது. எதிர்மலையில் கரிய பரப்பு ஒன்று தெரிந்தது. அதன் மேல்விளிம்பு கோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தது. அவ்வூர்ப் பெண்கள் முன்பே சருகைக் கூட்டித் துடைத்துவைத்திருந்த பாதை அது. தீ அதுவரை வந்து, உண்ண ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டது. அதற்கு மேலே பாஞ்ச் மரக்காடு பசுமை குன்றாமல் இருந்தது.

பாட்டி திரும்பி வந்தார். முகமும் கைகளும் கரி படிந்திருந்தன. கதிர் ஓடிச் சென்று தண்ணீர்க் குவளையை இரு கைகளாலும் நீட்டினான். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"தீயை யார் மூட்டியது, பாட்டி?" என்று யாழினி வினவினாள்.

"தெரியவில்லை அம்மா. யாரோ குளிர் காய்ந்திருக்கலாம். யாரோ பீடித்துண்டை எறிந்திருக்கலாம். மூட்டியவர் இந்நேரம் எங்கோ நன்றாக உறங்கிக்கொண்டிருப்பார்."

புறப்படும் வேளை வந்தது. தான் நெருப்பு மூட்ட எண்ணிய இடத்தைக் கதிர் ஒருமுறை பார்த்தான். பாட்டி அவன் தலையை வருடி, "மழைக்காலம் முடியும்போது வா. அப்போது மக்காச்சோளம் முற்றியிருக்கும். என் வீட்டு அடுப்பில் நாமே தீ மூட்டிச் சுட்டுத் தின்போம்" என்றார்.

கதிர் உடனே வாக்களிக்கவில்லை. தந்தையின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகே, "கட்டாயம் வருவோம் பாட்டி" என்றான்.

தெரிந்துகொள்வோம்

• உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலமாகக் கருதப்படுகிறது. காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர்களின் செயலாலும் கவனக்குறைவாலுமே மூள்கிறது.

• உத்தராகண்டின் மலையூர்களில் வன ஊராட்சிகள் உள்ளன. இவற்றிற்கான விதிகள் 1931ஆம் ஆண்டில் உருவாயின. ஊர்மக்களே தங்கள் காட்டைப் பேணிப் பயன்படுத்த இவை வழிசெய்கின்றன.

• 1974ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், சமோலி மாவட்டத்தின் ரேணி என்னும் ஊரில் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் திரண்டு, மரங்களை வெட்டவிடாமல் தடுத்தனர். சிப்கோ இயக்கத்தின் வரலாற்றில் இந்நிகழ்வு புகழ்பெற்றது.

சொல்லும் பொருளும்

நாட்டம் – விருப்பம்
முளை – கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் குச்சி
சருகு – உலர்ந்த இலை
மரவாரி – சருகு கூட்ட உதவும், பல் வைத்த மரக்கருவி
அகப்பை – நீண்ட காம்புள்ள கரண்டி
கேளையாடு – நாய் குரைப்பதுபோல் ஒலியெழுப்பும் மான் வகை
மூளுதல் – தீப்பற்றுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காட்டில் கேட்ட ஓசையைக் கதிர் எதனுடையது என்று எண்ணினான்?
2. பைன் மரச் சருகு எளிதில் தீப்பற்றுவது ஏன்?
3. 'காஃபல் பாக்கோ' என்பதன் பொருள் யாது?
4. தீயணைக்க வர முன்வந்த தந்தையைப் பாட்டி தடுத்தது ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மலைச்சரிவில் தீ மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பரவும் முறையை விளக்குக.
2. பாஞ்ச் மரக்காட்டிற்கும் ஊர்மக்களின் வாழ்விற்கும் உள்ள தொடர்பை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
1. ஊசியிலை 2. காட்டுத்தீ 3. கருநிறம்

ஈ. 'மூட்டாத நெருப்பு' என்பதில் 'மூட்டாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். இவ்வாறே கீழ்க்காணும் வினைகளை எதிர்மறைப் பெயரெச்சமாக்கித் தொடர் அமைக்க.
1. காண் 2. அறி 3. உறங்கு

உ. சிந்தித்து எழுதுக.
தந்தை தம் வாக்கை மீறியது சரியா? கதிர் இறுதியில் உடனே வாக்களிக்காமல் தந்தையின் முகத்தைப் பார்த்தது ஏன்? உங்கள் கருத்தைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

ஊ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊருக்கு அருகில் உள்ள காடு அல்லது சோலைக்குப் பெரியோருடன் செல்க. அங்குள்ள மரங்களுள் மூன்றின் பெயர்களை அவ்வூர் மக்களிடம் கேட்டு, அவர்கள் மொழியிலும் தமிழிலும் எழுதி வருக.