வராத செய்தியின் கணக்கு

சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடைப்பட்ட தோட்டங்களில், மண்ணின் ஈரத்தை அளந்து ஆபீசுக்கு அறிவிக்கும் லோரா எனும் நெடுந்தூர ரேடியோ கருவிகளைப் பரீட்சிப்பது என் தொழில். அவற்றின் தகுதியை எவ்வாறு அளப்பது என்று வினவுவோரிடம், சிக்னலின் பலத்தைக் காட்டும் எண்ணை மட்டும் பிரமாணமாகக் கொள்ள வேண்டாம் என்பதையே முதலில் சொல்வது என் வழக்கம்.

ஏனெனில் அந்தப் பலம் வந்து சேர்ந்த செய்திக்கு மட்டுமே பதிவாகிறது. நலிந்த செய்திகள் காட்டிலேயே தொலையத் தொலைய, எஞ்சியவற்றின் சராசரி உயர்ந்து, நிலைமை சீர்கெடும் வேளையில் தாளில் அபிவிருத்தி தென்படும். பெரட்டுக்கு வந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டுத் தோட்டத்தில் காய்ச்சலே இல்லை என்று எழுதும் கிராணியின் கணக்கு அது! ஆதலால் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரிசை எண்ணைப் பொதித்து, விடுபட்ட எண்களைக் கணக்கிடுவதே உத்தமம். பதில் வராவிடில் கருவி தானே மறுபடி அனுப்பும் ஏற்பாட்டைப் பரீட்சைக் காலத்தில் நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் இழப்பு மறைந்துவிடும்.

செய்தி வந்ததா என்பதோடு, என்ன விலைக்கு வந்தது என்பதும் முக்கியம். செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பதைக் குறிக்கும் லோராவின் விரிவுக் காரணி 7 ஆக இருக்கையில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடியும் சிறு செய்தி, 12இல் ஒரு நொடிக்கு மேல் பிடித்து, பேட்டரியை அதற்கேற்ப உறிஞ்சும். இந்த மின்செலவை அளக்கச் சாதாரண மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் நிலையில் வைத்து இணைத்தால், உறங்கும் கருவி விழித்துச் செய்தி அனுப்பும் அக்கணமே, மீட்டரின் உள் மின்தடையால் வோல்டேஜ் சரிந்து கருவி நின்று மறுபடி தொடங்கிவிடும். அதைக் கருவியின் தோஷமென்று எண்ணித் திருப்பியனுப்புவோர் உண்டு.

பருவமும் பார்க்க வேண்டிய ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பால்மரம் இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் எடுத்த அளவு, புதுத் தளிர் அடர்ந்து, இரவு மழையின் ஈரம் காயாத காலை வேளைக்குப் பொருந்தாது; ஆகவே இரு பருவங்களிலும் அளந்த பிறகே செய்திகளைப் பெறும் ஏற்பி நிலையத்தின் உயரத்தை நிர்ணயிக்கிறேன். செம்பனைக் காட்டில் இந்தப் பேதம் இல்லையெனினும், வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே குவிப்பது அங்கே வழக்கமாதலால், ஆண்டெனா அந்த ஈரக் குவியலில் புதைந்துவிடாதபடி, மட்டை போடாத நிரையைத் தண்டலிடம் கேட்டறிந்து அங்கேயே கம்பத்தை நடச் சொல்வேன்.