லேத் சாமான் சாக்கைப் பிரிக்கும்போது

கோவைப் பக்கம் ஒரு பம்புக் கம்பெனியை மூடினால் முதலில் விலைபோவது லேத். டூல்கள் கடைசியில் சாக்கில் கட்டப்பட்டு, காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். அப்படியொரு சாக்கு உங்கள் பட்டறைக்கோ வீட்டுத் திண்ணைக்கோ வந்து சேர்ந்தால், பாதிச் சாமான் பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்தக் குறிப்புகள் மீதிப் பாதிக்கு.

1. சாக்கைத் தலைகீழாகக் கொட்டாதீர்கள். ஒரே துணியில் சுற்றியிருந்ததும் ஒரே டப்பாவில் கிடந்ததும் பெரும்பாலும் ஒரே வேலைக்கான செட்டாக இருக்கும். கலந்துவிட்டால் சேர்ப்பது கடினம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் இப்போதைக்குப் போதும். கம்பி பிரஷ் போட்டால் துருவோடு எழுத்தும் போய்விடும். மங்கிய எழுத்தின்மேல் சாக்பீஸைத் தேய்த்து விரலால் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும்.

2. எல்லோரும் முதலில் முனையைப் பார்க்கிறார்கள். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். முனையை டர்னர் தன் வேலைக்கு ஏற்றபடி சாணை பிடித்து எத்தனையோ முறை மாற்றியிருப்பார். பிடிக்கும் பகுதியில் அப்படிக் கைவைக்க மாட்டார்கள். சதுரத் தண்டு என்றால் டூல் போஸ்ட்டில் இருந்தது. கூம்பு என்றால் டெயில் ஸ்டாக்கிலோ ஸ்பிண்டிலிலோ இருந்தது. நேரான உருளைத் தண்டு உள்ள கனத்த பெட்டி போன்ற சாமான் என்றால் கேப்ஸ்டன் லேத்தின் ஆறுபக்க டர்ரட்டிலிருந்து வந்திருக்கும். பின்னால் மரை, முன்னால் மூன்று கீறல் இருந்தால் அது கம்பியை இறுக்கிப் பிடிக்கும் காலட்.

3. கூம்பின் பெரிய முனையை வெர்னியரில் அளந்து பாருங்கள். மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு வகையில் எண் 1 என்றால் சுமார் 12 மி.மீ., 2 என்றால் 17.8, 3 என்றால் 23.8, 4 என்றால் 31.3. பின்னால் தட்டையான நாக்கு இருந்தால் டெயில் ஸ்டாக்கிலும் டிரில்லிங் மெஷினிலும் போகும். நாக்குக்குப் பதில் மரைத் துளை இருந்தால், பின்னாலிருந்து போல்ட்டால் இழுத்துப் பிடிக்கும் வகை. அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போனாலும் உள்ளே ஆடினால், அது வேறு வகைக் கூம்பு. தட்டி ஏற்றினால் ஸ்பிண்டில்தான் கெடும்.

4. என்ன உலோகம் என்று அறிய ஓரத்தைச் சாணையில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெள்ளை மஞ்சளாக நட்சத்திரம் வெடிப்பதுபோல் பொறி பறந்தால் கார்பன் ஸ்டீல். மங்கிய ஆரஞ்சுச் சிவப்பில் கொஞ்சமாகப் பறந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல். இந்த வித்தியாசம் முக்கியம்: கார்பன் ஸ்டீல் சாணையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும், ஹைஸ்பீடு ஸ்டீல் சுமார் 600 டிகிரி வரை தாங்கும். பொறி ஏறக்குறைய இல்லாமல் சாணைக்கல்தான் தேய்கிறது என்றால் கார்பைடு, பட்டறை மொழியில் விடியா. இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கனக்கும். அதைத் தீட்டப் பச்சைக் கல் வேண்டும். தூசியில் கோபால்ட் இருப்பதால் முகக்கவசமும் வேண்டும்.

5. முனையில் விடியா பற்றவைத்த டூலின் தண்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டாதீர்கள். நீலம் ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு. பம்புக் கம்பெனிச் சாக்கில் சிவப்பு அதிகம் இருந்தால் ஆச்சரியமில்லை.

6. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான நான்கு எஃகுத் துண்டுகள், ஒரு முனையில் சீப்புப் பல் மாதிரி மரை: இவை டை ஹெட்டின் சேசர்கள். இங்கிலாந்தின் ஆல்ஃப்ரட் ஹெர்பர்ட் கம்பெனியின் கவென்ட்ரி டை ஹெட் இந்த வகையில் பேர்பெற்றது. மரை வெட்டி முடிந்ததும் நான்கும் தானே வெளியே விலகும். லேத்தைத் திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. துண்டுகளில் 1 முதல் 4 வரை எண் இருக்கும், டை ஹெட்டின் பள்ளத்திலும் அதே எண் இருக்கும். ஒவ்வொன்றிலும் பல் தொடங்கும் இடம் கால் மரை தள்ளி இருப்பதால், எண் மாறிப்போட்டால் மரை சிதைந்துதான் வரும். மூன்றுதான் கிடைத்தது என்றால் சாக்கின் அடியை இன்னொரு முறை துழாவுங்கள். வேறு செட்டின் நாலாவதைச் சேர்த்து ஒப்பேற்ற முடியாது. மரையின் அளவும் துண்டுகளிலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் பிட்ச் கேஜை வைத்துப் பாருங்கள்: 55 டிகிரி விட்வொர்த் அல்லது பைப் மரை, 60 டிகிரி பெரும்பாலும் மெட்ரிக்.

7. இரண்டு உருளை, எதிரே ஒரு டூல், கனத்த பெட்டி. பேரிங் கழற்றும் கருவி என்று சிலர் விற்றுவிடுகிறார்கள். இது ரோலர் பாக்ஸ். நீளமான கம்பியைக் கடையும்போது அது வளையாமல் உருளைகள் தாங்கும். உருளை தடையில்லாமல் சுழல்கிறதா, முகத்தில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீறல் இருந்தால் கடையும் ஒவ்வொரு கம்பியிலும் அது விழும்.

8. நடுவில் துளை, விளிம்பில் ஏதோ வளைவு, ஒரு பக்கம் கால்வாசி வெட்டியெடுத்த வட்டு: உடைந்த பல்சக்கரம் போலத் தெரியும். இது வட்ட ஃபார்ம் டூல். விளிம்பின் வளைவுதான் பொருளின் உருவம், குழியும் மேடும் இடம் மாறியிருக்கும். களிமண்ணில் விளிம்பை உருட்டிப் பாருங்கள், அந்தக் கம்பெனி என்ன செய்தது என்று பதிவில் தெரியும். எனக்கு இந்தச் சாக்குகளில் மிகவும் பிடித்த சாமான் இதுதான். கூர் தீட்டுவது வெட்டிய தட்டை முகத்தில் மட்டும். விளிம்பில் சாணை பட்டால் உருவமே போச்சு.

9. ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கக் கூடாதவை: அன்னக் கழுத்துபோல் வளைந்த டூல் வளைந்தே செய்யப்பட்டது, பாரம் ஏறினால் சற்றுப் பின்வாங்கி மரையை வழவழப்பாக்கும். பாதி சீவிய சென்டர், முகம் கடையும்போது டூலுக்கு இடம்விட அப்படி இருக்கிறது. இரு முனையிலும் சென்டர் துளை உள்ள வழவழப்பான தண்டு மேண்ட்ரல். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் மிக லேசான கூம்பு உண்டு, அளவு பெரும்பாலும் பெரிய முனையில் பொறித்திருக்கும். அதைச் சுத்தியலுக்குப் பதிலாகப் பயன்படுத்திய பட்டறைகளும் உண்டு.

10. நீண்ட மரக்கைப்பிடி, பளபளவென்று மழுங்கிய மூக்கு: தச்சு உளி இல்லை. சுழலும் அலுமினியத் தகட்டை அச்சின்மேல் அழுத்திப் பாத்திரமாக்கும் ஸ்பின்னிங் டூல். இதைக் கூராக்கினால் தகட்டைக் கிழிக்கும்.

11. சாக்கில் சாணைக்கல் இருந்தால் மாட்டாதீர்கள். துளையில் விரலைவிட்டுத் தூக்கி, மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல்; உடைத்துப் போட்டுவிடுங்கள். நன்றாக ஒலித்தாலும், கல்லில் எழுதிய வேகம் உங்கள் மெஷின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் வேண்டாம்.

12. இவ்வளவுக்குப் பிறகும் புரியாததை ஓய்வுபெற்ற டர்னர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். “இது என்னங்க?” என்பதைவிட “இதை எந்த மெஷினில் மாட்டுவாங்க?” என்று கேட்டால் விடை சீக்கிரம் வரும். விற்பதென்று முடிவானால், உடைந்த விடியா முனைகளை மட்டும் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். அவற்றின் விலை இரும்பு விலையைவிடப் பல மடங்கு.