சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப் செத்துவிட்டதா?

ஜூன் பிறந்து நாலு மழை பெய்தால் போதும், மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் பல கார்களில் பாட்டு நின்றுவிடும். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் முன்னால் தேங்கும் தண்ணீரில் வண்டியை உருட்டி வந்தவர் மறுநாள் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. அல்லது விளக்கே இல்லை. அதற்குள் சொசைட்டி வாட்ச்மேன் முதல் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்காரர் வரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். அவற்றில் சில வீண்வேலை, சில ஆம்பைக் கொல்லும், ஒன்றிரண்டு வண்டியையே கொளுத்தும். என் கட்சி இதுதான்: கார் ஆம்ப் தானாகக் கெடுவது குறைவு, ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் பார்ட் மாற்றினால், புதுப் பார்ட்டும் அதே வழியில் போகும்.

“சிவப்பு விளக்கு வந்துட்டா ஆம்ப் போச்சு”

போகவில்லை. அது ‘புரொடெக்ட்’ விளக்கு. எங்கோ தப்பு நடக்கிறது என்று தெரிந்து ஆம்ப் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அளவுக்கு அதற்கு உயிர் இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும், ஆர்சிஏ பின்களையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பிளஸ், எர்த், மெல்லிய ரிமோட் வயர் ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்து விளக்கு பச்சையானால் ஆம்ப் குற்றவாளி இல்லை. கதவு இடுக்கிலோ சீட் தண்டவாளத்திலோ ஸ்பீக்கர் வயர் நசுங்கி வண்டி பாடியைத் தொடுகிறது, அல்லது ஊஃபர் காயில் கருகிவிட்டது. 4 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிப் பாருங்கள், எதை மாட்டும்போது சிவப்பு திரும்ப வருகிறதோ அதுதான் ஆள்.

விளக்கே வராத ஆம்புக்கும் உடனே கருமாதி செய்ய வேண்டாம். ஸ்டீரியோவிலிருந்து ரிமோட் வயரில் 12 வோல்ட் வராவிட்டால் எந்த ஆம்பும் எழுந்திருக்காது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, எர்த்தோடு சேர்த்து பிளஸையும் ரிமோட்டையும் தொட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

“பியூஸ் நிக்கலையா, பெரிய பியூஸ் போடு”

எல்லாவற்றிலும் மோசமானது இது. பியூஸ் இல்லாத இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றும் ஜுகாடும் இதன் தம்பிதான். பியூஸ் இருப்பது வயருக்கும் போர்டின் செம்புத் தடத்துக்கும் காவலாக. மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30, ஆரஞ்சு 40 என்று நிறத்தை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் பியூஸின் வேலையைக் கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர் செய்யும். “12 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது” என்பார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தரும். குறுக்கே விழுந்த ஸ்பானர் வெல்டிங் கம்பியாகிவிடும். ஆம்பின் உள்ளே அந்த 12 வோல்ட்டே பிளஸ் மைனஸ் 30, பெரிய செட்களில் இன்னும் அதிகமாக ஏற்றப்படுகிறது. ஆஃப் செய்த பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும்.

பியூஸ் இன்னொரு உண்மையையும் சொல்லும். மேலே ‘2000 வாட்’ என்று தங்க எழுத்தில் ஒட்டியிருக்கும் ஆம்பின் பக்கவாட்டில் 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றே ஒன்று இருந்தால் கணக்குப் போடுங்கள்: வண்டி ஓடும்போது 13.8 வோல்ட், பெருக்கினால் 414 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். சாதாரண கிளாஸ் ஏபி ஆம்ப் அதில் ஏறத்தாழ 250 வாட்டை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சூடாக்கிக் கழிக்கும். ஸ்டிக்கரை நம்பி இரண்டு மூன்று ஊஃபரைப் பேரலலில் மாட்டி 1 ஓமுக்கு இறக்குகிறார்களே, சாவு அங்கேதான் தொடங்குகிறது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் மிகப் பெரிய மூடநம்பிக்கை அந்த ஸ்டிக்கர்தான்.

“கருகினதை மட்டும் மாத்தினா போதும்”

வயரை மாட்டியதுமே பியூஸ் பறந்தால் கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில். அடித்தகட்டைக் கழற்றினால் தடித்த செம்புக் கம்பி சுற்றிய வளையம் ஒன்று கண்ணில் படும். அதை ஒட்டி, ஹீட் சிங்க்கில் அழுத்திப் பிடித்தபடி வரிசையாக மாஸ்ஃபெட்கள். ஐஆர்எஃப்இசட் 44, ஐஆர்எஃப் 3205 போன்ற எண்கள் அவற்றின் மேல் இருக்கும். பல ஆம்ப்களில் டிஎல் 494 என்ற சின்ன ஐசிதான் இவற்றை மாறி மாறித் திறந்து மூடும் மேஸ்திரி.

முதலில், பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு தடித்த டயோட் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி வயரைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளில் அது மட்டும் ஷார்ட் ஆகி, மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கும். அது நன்றாக இருந்தால் மாஸ்ஃபெட்டுக்கு வாருங்கள். எழுத்து நம்மைப் பார்த்து இருக்க, நடுக்காலும் வலக்காலும் மீட்டரை எப்படித் திருப்பி வைத்தாலும் ‘பீப்’ அடித்தால் அங்கே ஷார்ட். ஆனால் ஒன்று செத்தாலும் வரிசை முழுக்கச் செத்தது போலவே காட்டும், எல்லாம் ஒரே வளையத்தின் சுற்றில் பிணைந்திருப்பதால். ஈயத்தை உறிஞ்சிக் கழற்றித்தான் ஆளை அடையாளம் காண முடியும். கண்டுபிடித்தபின் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால், அடி வாங்கிப் பலவீனமான பக்கத்து மாஸ்ஃபெட்கள் சில நாளில் அதையும் இழுத்துக்கொண்டு போகும். வரிசை முழுவதையும் ஒரே எண்ணில், ஒரே கம்பெனியில் மாற்றுங்கள். கேட் காலுக்குப் போகும் சிறு ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள்.

அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனதால் பாரம் தாங்காமல் பவர் சப்ளை போயிருக்கலாம். வளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் டயோட்களையும் அவுட்புட் ஜோடிகளையும் அளக்காமல் கரண்ட் கொடுத்தால், போட்ட காசு புகையாகும்.

மூடும்போது மைக்காத் தாளை மறக்காதீர்கள். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடும் அதன் நடுக்காலும் உள்ளே ஒன்றுதான். மைக்கா கிழிந்திருந்தால் அது ஹீட் சிங்க்கைத் தொடும், ஹீட் சிங்க் வண்டி பாடியைத் தொடும், மறுபடி முதலிலிருந்து. வெள்ளைப் பேஸ்ட்டை அப்பினால் நன்றாகக் குளிரும் என்பதும் தப்பு. மெல்லிய பூச்சு போதும்.

இப்போது சோதனை. நேரே பேட்டரியில் மாட்டுகிறவர் துணிச்சல்காரர். நாம் ஒரு கார் ஹெட்லைட் பல்பை, 55 வாட் இழையை, பிளஸ் வயரில் தொடராகப் போடுவோம். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; 5 ஆம்பியருக்கு மேல் ஆம்புக்குப் போகாது, புது மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் கண்டென்சர் நிறையும் நேரத்துக்கு ஒரு மின்னல், பிறகு மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்த்தபின் ஸ்பீக்கரை மாட்டலாம். ஒரே அறை வீட்டில் பேட்டரியைத் தூக்கிவர வழியில்லாதவர்களுக்குப் பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது: பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகும், மஞ்சளில் 12 வோல்ட் வரும். அதன் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அது 230 வோல்ட் வீடு, உள்ளே 300க்கு மேல் டிசி நிற்கும்.

“தண்ணி பட்டுதா, வெயில்ல வை, அரிசியில் போடு”

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவு வேண்டாம், சாதாரண மழைக்கே சாக்கடையும் உப்பும் கலந்த தண்ணீர் சீட்டுக்கு அடியில் வந்துவிடுகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பும் சேறும் காலிடுக்குகளில் தங்கும், கரண்ட் பட்டதும் செம்பைப் பச்சையாக அரிக்கும். அரிசி அதை எடுக்காது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், வேலை செய்கிறதா என்று ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் போர்டைக் கழுவி, மொபைல் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வளையத்துக்கும் பெரிய கண்டென்சருக்கும் அடியில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

“தட்டினா பாடுது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்”

தட்டினால் பாடுகிற ஆம்பில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. நம் ஊர்க் குழிகளில் குலுங்கும் வண்டியில், கனமான வளையத்தின் கால்களும் ஆர்சிஏ பின்னின் கால்களும் போர்டில் மெல்ல ஆடி, காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டக் கீறல் விழும். லென்ஸில் பார்த்தால் தெரியும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் தீர்ந்தது. வீட்டில் வெற்றி நிச்சயம் என்று சொல்லக்கூடிய ஒரே ரிப்பேர் இது. 25 வாட் சால்டரிங் இரும்பு மட்டும் போதாது. தடித்த எர்த் தடம் சூட்டைக் குடித்துவிடும், 60 வாட் வேண்டும்.

எஞ்சினை முறுக்கினால் கூடவே ஏறும் ‘ங்ஙீ’ சத்தத்துக்கும் ஆம்பைத் திறக்க வேண்டியதில்லை. எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், ஆர்சிஏ கேபிளைப் பவர் வயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

“லாமிங்டன் ரோட்டில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட்”

எல்லாம் இல்லை. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கினால், லாமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்காத பார்ட் குறைவு. ஆனால் பிரபலமான எண்களில், குறிப்பாக 5200–1943 அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியில், போலி உலகமெங்கும் உண்டு. லாமிங்டன் ரோடு மட்டும் விதிவிலக்கா? விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால், நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சில் எழுத்து கரைந்தால், வாங்காதீர்கள். புதுசுதான் நல்லது என்ற பிடிவாதமும் வேண்டாம். பழைய நல்ல ஆம்ப் போர்டிலிருந்து கழற்றிய அசல் டிரான்சிஸ்டர், அளந்து பார்த்துத் தேறினால், பளபளக்கும் புதுப் போலியைவிட எத்தனையோ மேல்.

போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். கரியே கரண்ட் கடத்தும். சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாலும் மறுபடி புகையும். எறும்பு அளவு பார்ட்களால் நிறைந்த கிளாஸ் டி போர்டும் வீட்டு இரும்புக்கு ஏற்றதல்ல, ஹாட் ஏர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனை ஊஃபர் எப்படி மாட்டியிருந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.