அடைமழைக்கு எந்த டிரையர்?

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், சென்னை அடுக்ககங்களில் கொடி பால்கனியை விட்டு ஹாலுக்கு வந்துவிடும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும், துண்டில் மக்கல் வாடை ஏறும். டிரையர் வாங்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் கிளம்புகிறது. கடையில் கேட்டால் வென்டட், கண்டென்சர் என்று இரண்டு வகை சொல்வார்கள்.

இரண்டிலும் சூடான காற்றுதான் சுழலும் டிரம்முக்குள் புகுந்து துணியின் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஈரக்காற்றை எங்கே விடுவது என்பதில்தான் வித்தியாசம். வென்டட் அதைச் சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். கண்டென்சர் உள்ளேயே குளிரவைத்து, நீராக்கித் தொட்டியில் சேர்க்கும்.

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில், சுவரில் ஓட்டை போட முடியாதவர்களுக்குக் கண்டென்சர் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். அது விடும் வெப்பம் பனிக்காலத்தில் அவர்களுக்கு லாபம். நமக்கு அதுவே தண்டனை. சாதாரண கண்டென்சர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். இழுத்த மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் அந்த அறைக்குள்தான் வெப்பமாக இறங்கும். அதோடு, ஈரக்காற்றைக் குளிரவைக்க அது நம்பியிருப்பதும் அறைக்காற்றைத்தான். கதவடைத்த சின்ன அறையில் காற்று சூடேறச் சூடேற நீர் பிரிவது மந்தமாகும், நேரம் இழுக்கும். ஆகவே நம் ஊர் வெக்கைக்கு, இடவசதி மட்டும் இருந்தால், விலையும் குறைவான வென்டட்டுக்கே என் ஓட்டு.

இடவசதி என்று நான் சொல்வது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் பால்கனியை. சாரல் படாத மூலை, 16 ஆம்ப் பிளக், எர்த் சரியாக இருக்க வேண்டும். திறந்த பால்கனிதானே என்று குழாயை மாட்டாமல் விடாதீர்கள். வெளியேறிய ஈரக்காற்றையே இயந்திரம் திரும்ப இழுக்கும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். வெளிமுனையில் காற்றுக்குத் திறந்து மூடும் மடல் இல்லையென்றால் பல்லியும் புறாவும் உரிமை கொண்டாடும். ஏசி அறையில் மட்டும் வென்டட் வேண்டவே வேண்டாம். அது வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றுக்கு ஈடாக வெளிப்புழுக்கம் உள்ளே வரும்.

வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார், பால்கனியும் இல்லை என்றால் கண்டென்சர்தான். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். தொட்டி நீரால் தரை துடைக்கலாம். சுத்தமான நீர்தானே என்று இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் பஞ்சும் சோப்பும் கலந்திருக்கும்.

இனி மின்கட்டணம். ஏழு கிலோ துணிக்கு இரண்டு வகையும் சுமார் 4 யூனிட் எடுக்கும். வாரம் நாலு முறை ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 140 யூனிட் போல ஏறும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. ஏற்கெனவே 400ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் டிரையரின் உண்மையான செலவு அங்கேதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், வருடம் முழுக்க ஓட்டுபவர்கள் மூன்றாவது வகையான ஹீட் பம்பை விசாரிக்கலாம். இதுவும் கண்டென்சர்தான், ஆனால் ஃபிரிட்ஜைப் போல கம்ப்ரஸர் வைத்து வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. மின்சாரம் பாதியளவே ஆகும், அறையும் அந்த அளவுக்குச் சூடாகாது. விலை அதிகம், நேரமும் கூடுதல். மழைக்கால ஆறேழு வாரத்துக்கு மட்டும் என்றால் போட்ட பணம் திரும்புவது சந்தேகம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கணக்கு வேறு; அறை சூடானால் அவர்களுக்குச் சந்தோஷமே.

எதை வாங்கினாலும் பட்டுப்புடவையும் ஜரிகையும் உள்ளே போகக்கூடாது. பருத்திச் சட்டை சுருங்கும், லேபிளைப் பார்த்துப் போடுங்கள். பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்ய வேண்டும்; அடைத்துக்கொண்ட பஞ்சு தீப்பிடிக்கும். வாஷிங் மெஷினில் ஸ்பின்னை 800இலிருந்து 1,200 சுற்றுக்கு ஏற்றிவிட்டுப் பிறகு டிரையருக்கு மாற்றுங்கள், அரை மணி நேரம் வரை மிச்சமாகலாம்.