உள்ளி பூக்கக் குளிர் மட்டும் போதாது

"ஒரே பனிதானே அண்ணை, உங்கடை உள்ளி தண்டு விட்டு நிக்குது, என்ரை ஏன் விடேல்லை?" ஒன்ராறியோவில் பின்வளவுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஜூன் மாதத்தில் கேட்கும் கேள்வி இது. நான் முதலில் விசாரிப்பது, நட்ட பல் எவ்வளவு பருமன் என்றுதான்.

என்னிடம் இருப்பது 'மியூசிக்' என்ற கடினத்தண்டு இனம். (மென்தண்டு இனங்கள் பெரும்பாலும் பூந்தண்டே விடா, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.) ஒக்டோபர் நடுவில் நட்டால் நிலம் உறையுமுன் வேர் பிடித்துவிடும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த பிறகே குருத்து பூக்கத் தயாராகும். பகல் நீளும்போது தண்டு எழும். சோதனைக்காக ஏப்ரல் கடைசியில் ஒரு வரிசை நட்டேன். தண்டும் இல்லை, கிண்டினால் பெரும்பாலும் பல் பிரியாத ஒற்றை உருண்டைகள்.

குளிரின் கதை பலருக்குத் தெரியும். வயதைத்தான் மறந்துவிடுகிறோம். தண்டின் உச்சியில் கோதுமை மணியளவில் திரளும் குட்டிப் பற்களை அதே ஒக்டோபரில் பாத்தியோரம் ஊன்றிப் பாருங்கள். முழுப் பனிக்காலமும் மண்ணில் கிடந்தும், அடுத்த கோடையில் புல்லைப் போல மெல்லிய இலைகள்தான் வரும். அடியில் கிடைக்கும் சிறு உருண்டையைத் திரும்ப நட்டு, இன்னும் ஓரிரு ஆண்டு பொறுத்தால்தான் தண்டு. சேமிப்பும் இலையும் ஓரளவு சேராத செடியை எந்தக் குளிராலும் பூக்கவைக்க முடியாது. ஆகவே பெரிய பல் மண்ணுக்கு, சின்னது சட்டிக்கு.

விதை உள்ளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? ஒக்டோபரில் நடுவதானால் வேண்டாம். முன்கூட்டியே குளிர்ந்த பல் அவசரப்பட்டு முற்றும், பக்கக் குருத்து விடும், பூண்டும் கோணலாகும். காற்றோட்டமான அறை போதும். ஏப்ரலில்தான் நட வாய்க்கும் என்றால் மட்டும் ஆறேழு வாரம் பெட்டியில் வையுங்கள். பல் பிரியும் வாய்ப்புக் கூடும், தண்டுக்கு உத்தரவாதமில்லை.

தண்டு ஒரு சுற்றுச் சுருண்டதும் ஒடித்துவிடுங்கள். விட்டால் அடியிலுள்ள பூண்டு சிறுக்கும். ஒடித்ததைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யலாம். குட்டிப் பற்கள் வேண்டுமென்றால், பருத்த செடிகளாகப் பார்த்து இரண்டொரு தண்டை விட்டுவையுங்கள். விதைக்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பூமொட்டுகளைக் குட்டிப் பற்களே நெருக்கிக் கருகவைத்துவிடும்.