சுத்தியலை எடுக்கும் முன்: டிங்கரிங் பட்டறைப் பாடம்



டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்காகவும், கார், வேன், லோடு வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்காகவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். கருவியைப் பிடிக்கக் கை தானாகப் பழகிவிடும். கருவியை எடுக்கும் முன் எதைப் பார்ப்பது என்பதுதான் முதல் பாடம்.

1. முன் கண்ணாடி

மதுரை நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரியிலிருந்து தெறிக்கும் ஒரு ஜல்லி போதும், கண்ணாடியில் புள்ளி விழும். காரின் முன் கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால்தான் அடிபட்டாலும் சிதறாமல் நிற்கிறது.

வெளித்தகட்டில் மட்டும், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் புள்ளியானால் சரிசெய்யலாம். தூசியும் ஈரமும் புகாமல் உடனே டேப் ஒட்டுங்கள். வெயிலில் கொதித்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் ஓடிவிடும். பட்டறையில் புள்ளிக்குள் இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, திரவப் பிசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். லேசான தடம் மிஞ்சும்.

ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இருந்தாலும், விரிசல் விளிம்பைத் தொட்டாலும், உள்தகடு உடைந்தாலும் மாற்றுவதே சரி. புதுக் கண்ணாடியைப் பிடித்து வைப்பது பசைதான். அது இறுகுவதற்குச் சொல்லப்பட்ட நேரம் முடியும்வரை வண்டியை எடுக்க அவசரப்படக் கூடாது.

2. தகடு

நெளிவுக்குப் பின்னால் டாலியைத் தாங்கி, முன்னால் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். மிஞ்சும் சிறு மேடுபள்ளத்துக்கே பட்டி. கனமாக ஏற்றினால் பின்னாளில் வெடித்து உதிரும்.

துருவைச் சுரண்டாமல் பட்டி பூசினால், உள்ளே அது அரித்துக்கொண்டே இருக்கும். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். பழைய வண்டி வாங்குவோர் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். பட்டி கனத்த இடத்தில் அதன் பிடி தளரும்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். வாயில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அதற்கென உள்ள சுவாசக் கவசம் அணியாமல் ஸ்பிரே கன்னைத் தொடக் கூடாது.

3. சுமை ஏற்றிய வண்டி

நம் ஊருக்கென்றே உள்ள பாடம் இது. சிவகாசிப் பகுதியில் பட்டறைக்கு வரும் லோடு வண்டி நேற்று என்ன ஏற்றியது என்று கேட்காமல் வெல்டிங்கோ கிரைண்டரோ போடக் கூடாது. பட்டாசோ மருந்தோ ஏற்றிய வண்டியின் தரைப்பலகை இடுக்கில் தூள் தங்கியிருக்கலாம். ஒரு தீப்பொறி போதும். மருந்தைக் கையாளப் பயிற்சி பெற்றவர்கள் முழுதாகச் சுத்தம் செய்த பிறகே வண்டியைப் பட்டறைக்குள் விட வேண்டும். உண்மையைச் சொல்வது வண்டிக்காரரின் அமானிதம். கேட்பது பட்டறைக்காரரின் கடமை.

பிள்ளையைப் பட்டறையில் சேர்க்கும் பெற்றோரே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சுவாசக் கவசம் தருகிறீர்களா? வெல்டிங்குக்கு முன் வண்டி என்ன ஏற்றியது என்று விசாரிக்கிறீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் தரும் பட்டறையில் சேருங்கள். தொழிலும் கைவரும், பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்புவான், இன்ஷா அல்லாஹ்.